பிள்ளை வாக்கியமாகப் பேச வேண்டும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அப்பா அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அல்லது ஈப்போவில் கடை வேலை. பள்ளி வாசலில், பசாரில், கோயிலில் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். 1 வயது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை இவை. நான் மருத்துவர் இல்லை. கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டிய இடம் எது என்று மட்டும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

முதல் பிறந்தநாளை ஒட்டி ஒன்றிரண்டு சொல் வரும். 'அம்மா', 'தா', 'போ' மாதிரி. 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்: 'அப்பா வா', 'பால் வேணும்', 'பூன போச்சு'. இரண்டரை வயதில் ஏறக்குறைய 50 சொல்லாவது சொந்தமாகச் சொல்ல வேண்டும்; பல பிள்ளைகள் அதைவிட மிக அதிகமாகவே சொல்லும். 3 வயதில் மூன்று நான்கு சொல் சேர்ந்த பேச்சு, 'ஏன்', 'எங்க' என்ற கேள்விகள். 4 வயதில் இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று முன்பின்னாகவாவது ஒரு சம்பவத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

சில மாதம் முன்பின் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் ஏதாவது கூடியிருக்கிறதா என்று உங்கள் பிள்ளையையே பாருங்கள்.

என் மகனுக்கு நிறம், பழம், மிருகம், ஏபிசி எல்லாம் தெரியும். ஆனால் வாக்கியமாகப் பேச வரவில்லை. ஏன்?

என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி இதுதான். காரணம் பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை, நாம் கொடுத்த சொற்களில் இருக்கிறது. அட்டையைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறோம். பிள்ளை 'ஆப்பிள்' என்கிறது. கை தட்டுகிறோம். அடுத்த அட்டை. இப்படியே ஒரு வருஷம் போனால் பிள்ளையிடம் நூறு பெயர் சேர்ந்துவிடும். ஆனால் நூறு பெயரை வைத்து ஒரு வாக்கியம் கட்ட முடியாது. வாக்கியத்துக்கு வினை வேண்டும்.

தமிழ் இதில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. 'வந்துட்டான்' என்று ஒரு சொல்லைச் சொன்னாலே அது முழு வாக்கியம். யார், எப்போது, வேலை முடிந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லின் வாலிலேயே இருக்கிறது. அதனால் சின்னப் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது வினைச்சொல்: வா, போ, தா, எடு, போடு, ஊத்து, தொற, மூடு, தள்ளு, இழு, ஏறு, எறங்கு, விழு, ஒட, கிழி, ஒளி, தேடு. இவற்றை அட்டையில் காட்ட முடியாது. செய்துதான் காட்ட வேண்டும். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போகிறது. 'உருண்டு போச்சு! எங்க போச்சு? உள்ள போச்சு. எட்டலையே! குச்சி எடு, தள்ளு, தள்ளு... வந்துருச்சு!' இந்த அரை நிமிஷத்தில் பிள்ளை கேட்ட பெயர்ச்சொல் குச்சி ஒன்றுதான். வினைகளோ அரை டஜனுக்கு மேல்.

அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆப்பிள் படத்தைக் காட்டினால் 'இது என்ன' என்று கேட்காமல், 'ஆப்பிள யாரு கடிச்சா?' என்று கேளுங்கள்.

வாக்கியத்தை எப்படி நீளமாக்குவது?

பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டு அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு, இரண்டு சொன்னால் மூன்று நான்கு. பத்துச் சொல்லாகக் கொட்டினால் பிள்ளைக்கு எட்டாது. பேச்சுச் சிகிச்சையாளர்களும் பெற்றோருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

அடுப்படியில் மைலோ பானம் கலக்குகிறீர்கள், பிள்ளை காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். மைலோ டின்னை மூடியோடு அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களைப் பார்ப்பான்.

'தொற.'
'தொறக்கணுமா? அம்மா மூடிய தொறக்கறேன். இறுக்கமா இருக்கே... தொறந்தாச்சு!'
'மைலோ.'
'மைலோவ எதுல போடறது?'
'கப்பு.'
'ஆமா, கப்புல போடுவோம். ஒரு கரண்டி போட்டாச்சு.'
'இன்னும்.'
'இன்னும் போடணுமா? சரி, இன்னும் ஒரு கரண்டி போட்டுட்டு தண்ணி ஊத்துவோம். நீ தள்ளி நில்லு, தண்ணி சுடுது.'
'சுடுது.'
'ஆமா, கை வச்சா சுட்டுடும்.'

பிள்ளை ஐந்து சொல்தான் பேசினான். ஆனால் 'கப்பு' என்று அவன் சொன்னது 'கப்புல' என்று திரும்பி வந்தது. 'இன்னும்' என்பது 'இன்னும் போட்டுட்டு ஊத்துவோம்' என்று வந்தது. 'வச்சா' என்ற ஒரு சொல்லில், இதைச் செய்தால் இது நடக்கும் என்ற கணக்கே அடங்கியிருக்கிறது. எந்த இடத்திலும் 'சொல்லு, சொல்லு' என்று அவனை வற்புறுத்தவில்லை. நாளைக்கும் மைலோ கலக்குவீர்கள், நாளை மறுநாளும் கலக்குவீர்கள். ஒரே பேச்சு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்போது, ஒருநாள் அவனே 'கப்புல போடு' என்பான்.

எந்தச் சொல்லை எப்போது சேர்ப்பது? வரிசை ஏதாவது உண்டா?

சட்டம் போட்ட வரிசை கிடையாது. என் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் 'வேணும், வேணாம், இருக்கு, இல்ல'. இந்த நான்கும் வந்தாலே வீட்டில் அழுகை குறையும். அடுத்து சொல்லின் கடைசியில் ஒட்டுகிற சின்னத் துண்டுகள்: வீட்டுல, பாட்டிக்கு, அம்மாகிட்ட, அப்பாவோட. இதைப் பழக்க நம் பாட்டிமார் விளையாடும் பருப்புக் கடையற விளையாட்டைப் போல ஒன்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, 'அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம், தாத்தாவுக்குக் கொஞ்சம்' என்று ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசியில் கை நெடுக விரலால் ஊர்ந்து போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். பிள்ளை சிரிக்கிறது, அதற்குள் 'க்கு' ஐந்து முறை காதில் விழுந்துவிடுகிறது. சில நாள் கழித்து சுண்டு விரலில் நிறுத்திவிட்டு 'இது யாருக்கு?' என்று கேளுங்கள். 'பாப்பாவுக்கு' என்று வரும்.

அதற்கப்புறம் 'ட்டு'. இதைப் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை, ஆனால் தமிழில் பேச்சு நீளுவதே இதனால்தான். 'கை கழுவிட்டு சாப்பிடலாம்.' 'சப்பாத்த கழட்டிட்டு உள்ள வா.' 'குளிச்சிட்டு, சட்ட போட்டுட்டு, கோயிலுக்குப் போவோம்.' ஒரு வேலையை முடித்து அடுத்ததைக் கோர்க்கத் தெரிந்துவிட்டால் கதை சொல்லத் தெரிந்த மாதிரிதான். குளிக்க வைக்கும்போதும் பள்ளிக்குக் கிளப்பும்போதும் நடக்கிற வேலையைக் கோர்த்துக் கோர்த்துச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

3 வயதை ஒட்டி 'ன்னு' பழக்கலாம். 'பாட்டி என்ன சொன்னாங்க?' 'வரேன்னு சொன்னாங்க.' பிள்ளையை வீட்டுக்குள் தூது அனுப்புங்கள்: 'தாத்தாகிட்ட போயி, பசியாற வரச் சொன்னாங்கன்னு சொல்லு.' நான்கு அடி நடந்து போய் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருகிற பெருமை அந்த முகத்தில் தெரியும். தாத்தாவும் 'இதோ வரேன்னு சொல்லு' என்று பதில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அப்புறம் 'மழ பேஞ்சா', 'சாப்பிடலன்னா', 'மாமா வாங்கிக் குடுத்த காடி' (கார்), 'நேத்து கிழிஞ்ச சட்ட'. 4, 5 வயதுப் பிள்ளைக்கு இவை வர வேண்டும். வராத பிள்ளையிடம் 'எந்தக் காடி வேணும்? மாமா வாங்கிக் குடுத்ததா, அப்பா வாங்கிக் குடுத்ததா?' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால், பதிலுக்கு வேண்டிய சொல் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

தப்பாகப் பேசினால் திருத்த வேண்டாமா?

திருத்துங்கள், ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல். 'தாத்தா வந்துச்சு' என்று ஓடி வந்து சொன்னால், 'அப்படிச் சொல்லக் கூடாது, வந்தாங்கன்னு சொல்லு' என்று நிறுத்தாதீர்கள். அது தாத்தா வந்த சந்தோஷத்தைச் சொல்ல வந்தது. 'அட, தாத்தா வந்துட்டாங்களா! எதுல வந்தாங்க?' என்று கேளுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் நிற்கவில்லை. அடிக்கடி நிறுத்தித் திருத்துகிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

இன்னொன்று. நான், நீ இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்குக் குழம்பும். நாம் 'உனக்குப் பால் வேணுமா?' என்று கேட்பதால், பிள்ளையும் 'உனக்குப் பால் வேணும்' என்றே கேட்கும். 3 வயதுக்குள் இது சாதாரணம். 'எனக்குப் பால் வேணும்... இந்தா, உனக்குப் பால்' என்று இரண்டையும் நீங்களே சொல்லிக் காட்டலாம்.

கேட்டால் கையைத்தான் காட்டுகிறான், வாய் திறப்பதில்லை.

கை காட்டுவது நல்ல அறிகுறி. சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் பாட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு: பிள்ளை கண்ணைத் திருப்பினாலே பாட்டி எழுந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பேச வேண்டிய தேவையே அங்கே இல்லை. கை காட்டியதும் மனத்துக்குள் ஒன்று முதல் ஐந்துவரை எண்ணுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். சொல் வராவிட்டால் 'ரொட்டியா, பிஸ்கட்டா?' என்று கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் 'ரொட்டி வேணும்' என்று நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பட்டினி போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் தமிழ், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற கக்காக் (பணிப்பெண்) மலாய், அக்கா இங்கிலீஷ். மூன்று மொழியால்தான் பேச்சு தாமதமா?

இல்லை. பல மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்பது ஆராய்ச்சிகளில் நன்றாக உறுதியான செய்தி. நம் நாட்டில் மூன்று மொழியோடு வளராத பிள்ளையே குறைவு. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் கூட்டி எண்ணுங்கள். தமிழில் 30 சொல், மலாயில் 25 சொல் என்றால் பிள்ளையிடம் 55 இருக்கிறது.

கலந்து பேசுவதற்கும் பயப்படாதீர்கள். 'அம்மா, கூச்சிங் ஓடிப் போச்சு' என்கிற பிள்ளையிடம் பூனைக்கான பெயர் மட்டும்தான் மலாய். வாக்கியம் முழுத் தமிழ், வினை சுத்தமாக நிற்கிறது. 'ஆமா, பூனை ஓடிப் போச்சு. எங்க ஓடுச்சு?' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 'ஒரு மொழியை விட்டுவிடுங்கள்' என்ற பழைய அறிவுரையை இன்னும் சிலர் சொல்கிறார்கள். இன்றைய பேச்சுச் சிகிச்சையில் வீட்டு மொழியை விடச் சொல்வதில்லை. பேச்சுத் தாமதமுள்ள பிள்ளைக்குக்கூட.

பள்ளியில் சிரமப்படக் கூடாது என்று இங்கிலீஷிலேயே பேசுகிறோம். நல்லதுதானே?

உங்களுக்கு இங்கிலீஷ் சரளமாக வந்தால், கோபம், கொஞ்சல், வேடிக்கை எல்லாம் அதில்தான் வந்தால், பேசுங்கள். ஆனால் நான் பார்க்கிற பல வீடுகளில் இங்கிலீஷ் என்பது 'கம், கோ, டோண்ட் டச், ஈட் பாஸ்ட்' என்ற நாலைந்து கட்டளைதான். பிள்ளைக்கு இங்கிலீஷும் முழுசாகக் கிடைப்பதில்லை, தமிழும் கிடைப்பதில்லை. நீளமாகப் பேச, கதை சொல்ல, காரணம் விளக்க உங்களுக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். எங்கள் ஊரில் அது தமிழ்.

ஒரு மொழியில் வாக்கியம் கட்டப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாக வரும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே மலாயும் ஆங்கிலமும் பாடமாக இருக்கின்றன. அவை எங்கும் போய்விடாது. 1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட பள்ளிகளாக இருக்கிறது. ஆனால் பேச்சுத் தமிழோடு வருகிற பிள்ளையின் மேல்தான் அந்தப் பள்ளிகள் எழுத்துத் தமிழைக் கட்ட முடியும்.

வீட்டில் பேசுவது கொச்சைத் தமிழ். பிள்ளையிடம் நல்ல தமிழில் பேச வேண்டுமா?

'நீ பால் அருந்துகிறாயா?' என்று 2 வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அது உங்களை வினோதமாகப் பார்க்கும். வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. அதற்கும் இலக்கணம் உண்டு, மேலே பார்த்தோம். 4 வயதிலிருந்து கதை வாசிக்கும்போது மட்டும் புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள்: 'காகம் மரத்தில் அமர்ந்திருந்தது.' உடனே 'காக்கா மரத்துல உக்காந்திருந்துச்சு, பாரு' என்று படத்தைக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இப்படிக் கேட்ட பிள்ளைக்கு முதலாம் ஆண்டுப் பாடநூலில் 'இருக்கிறது' என்று பார்த்தால் அந்நியமாக இருக்காது.

போனில் தமிழ்ப் பாட்டுதான் பார்க்கிறாள். அதில் பேச்சு வராதா?

பாட்டு வரும். பேச்சு வராது. போன் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. முழுப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடிவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் என் கையை இழுக்கிற பிள்ளைகள் வருகிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், 1 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 வயது வரையிலும் பரிந்துரைக்கவில்லை, 2 முதல் 4 வயது வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டும்போது போனை எடுத்துவிடுங்கள்; அது பேச்சுக்கு அருமையான நேரம். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் நிறுத்துங்கள். அது ஓடும் வரை பெரியவர்களின் பேச்சும் குறைந்துவிடுகிறது.

ஊரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது வேறு விஷயம். பாட்டி பதில் சொல்வார்.

அந்தக் காலத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே, நாங்கள் பேசவில்லையா?

பேசினீர்கள். ஏனென்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தனியாக யாரும் இல்லை. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் அம்மா பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். அங்கே கைப்பிள்ளையிலிருந்து பள்ளிக்குப் போகாத வயது வரை எல்லாரும் ஒன்றாகக் கிடந்தார்கள். பெரிய பிள்ளை பேசுவதைப் பார்த்துச் சின்னது பேசியது. பொழுது சாய்ந்தால் வாசலில் பாட்டிகள் ஊர்க்கதை பேசுவார்கள், மடியில் ஒரு பிள்ளை இருக்கும். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, தோட்டங்கள் துண்டானது, நாம் டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்டோம். இரும்புக் கதவு, உள்ளே ஒரு பாட்டி, ஒரு பிள்ளை, ஒரு போன். அங்கே தானாகக் கிடைத்தது இங்கே நாம் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு மாலையாவது சித்தி, மாமா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

கதைப் புத்தகம் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் போனிலேயே படங்கள் இருக்கின்றன. போன தைப்பூசத்தில் எடுத்த படத்தைத் திறந்து, 'இது யாரு? என்ன தூக்கியிருக்காங்க? அப்புறம் என்ன ஆச்சு? நீ ஏன் அழுத?' என்று கேளுங்கள். பிள்ளைக்கு அதுதான் மிகச் சிறந்த கதை. அதில் அதுவே இருக்கிறது. புத்தகம் இருந்தால், ஒன்றையே முப்பது நாள் வாசித்தாலும் தப்பில்லை. சின்னப் பிள்ளைகள் திரும்பக் கேட்கத்தான் விரும்பும்; ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியம் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். தெரிந்த கதையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள், மீதியை அது முடிக்கும்.

5 வயதுக்கு மேல் விடுகதை போடுங்கள். பதில் சொல்வதைவிட, பிள்ளையையே ஒரு விடுகதை கட்டச் சொல்வது இன்னும் நல்லது. 'அது நம்ம வீட்டுல இருக்கும், தண்ணி குடிக்காது, ஆனா தண்ணி வச்சிருக்கும்' என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னாள். வாளியாம்.

'ரொட்டி'யை 'லொட்டி' என்கிறாள், 'காக்கா'வைத் 'தாத்தா' என்கிறாள்.

3 வயதுக்குள் என்றால் கேட்டு ரசியுங்கள். ர, ழ, ற போன்றவை பிந்தி வரும். ழ பல பெரியவர்களுக்கே வருவதில்லை. 3 வயதில் வீட்டாருக்குப் பெரும்பாலும் புரிய வேண்டும், 4 வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். 4 வயதுக்கு மேலும் 'க' எல்லாம் 'த' ஆகவே இருந்தால் காட்டுங்கள். அதுபோல மழலையை நீங்களும் திருப்பிப் பேசாதீர்கள். பிள்ளை 'லொட்டி' என்றாலும் நீங்கள் 'ரொட்டி' என்றே சொல்லுங்கள்.

திடீரென்று திக்கிப் பேசுகிறான்.

2 முதல் 5 வயதுக்குள், வாக்கியம் நீளத் தொடங்கும் நேரத்தில் பல பிள்ளைகள் திக்கும். பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். 'மெதுவாப் பேசு', 'மூச்சு வாங்கிட்டுப் பேசு' என்று சொல்லாதீர்கள், சொல்லை முடித்தும் கொடுக்காதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், முடிக்கும் வரை பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், முகத்தை இறுக்கிச் சிரமப்பட்டால், குடும்பத்தில் வேறு யாருக்கும் திக்குவாய் இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

வசம்பு, தேன் தடவினால் பேச்சு வருமா? நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறார்களே?

வசம்பு தடவிப் பேச்சு வராது. 1 வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தையின் குடலில் கடுமையான நச்சுநோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருந்தால் பால் குடிப்பது சிரமமாகலாம், சில ஒலிகள் தடுமாறலாம். சொல்லே வராமல் போவதற்கும் வாக்கியம் கட்டாமல் இருப்பதற்கும் அது காரணம் இல்லை.

'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்' என்கிறார் மாமியார். எவ்வளவு நாள் காத்திருப்பது?

சராசரியாக ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்துவது உண்மை. அது ஒன்றிரண்டு மாதக் கணக்கு, வருஷக் கணக்கு இல்லை. பின்வரும் நிலையில் காத்திருக்காதீர்கள்: 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் காட்டவில்லை, 18 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை, 3 வயதில் பேசுவது வீட்டாருக்கே புரியவில்லை. எந்த வயதாக இருந்தாலும், வந்த பேச்சு நின்றுபோனால் உடனே போங்கள்.

அரசாங்க கிளினிக்குக்குப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). 18 மாதத்தில் அங்கே ஒரு கேள்விப் பட்டியல் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடும் தாய்மார் உண்டு. பிள்ளை உண்மையில் செய்வதைப் பார்த்து நிரப்புங்கள். முதலில் காது கேட்கும் சோதனையைக் கேளுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்து, ஒருநாள் கேட்கும், ஒருநாள் மங்கலாகக் கேட்கும்; கூப்பிட்டால் திரும்புவதால் வீட்டில் தெரியாது. மருத்துவர் கடிதம் கொடுத்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கவுன்டரில் 'தெராப்பி பெர்துதுரான்' (பேச்சுச் சிகிச்சைக்கான மலாய்ப் பெயர்) என்று கேளுங்கள். தேதி கிடைக்கத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் மேலே சொன்னதையெல்லாம் வீட்டில் செய்துகொண்டிருங்கள். பிள்ளை புது இடத்தில் வாய் திறக்காது என்பதால், வீட்டில் விளையாடும்போது பேசுவதைப் போனில் பதிவு செய்து எடுத்துப்போங்கள்.

கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயிலில் யாராவது ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டு பேரும் ஷிப்ட் வேலை. நேரமே இல்லை.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மடிப்பது, மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போவது எல்லாம் ஏற்கனவே செய்கிறீர்கள். அதில் ஒன்றை மட்டும் பேச்சுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் நிற்கும்போது செம்பனைப் பழம் ஏற்றிய லோரியைப் பார்த்துப் பிள்ளை 'லோரி!' என்று கத்தினால், 'ம்' என்று விடாமல், 'பழ லோரி போகுது. எங்க போகுது?' என்று கேளுங்கள். 'மில்லுக்கு' என்று ஒரு நாள் பதில் வரும். 'மில்லுல என்ன செய்வாங்க?' என்று அடுத்த நாள் கேட்கலாம். பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் இந்தப் பக்கத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டில் வாய் மூடாமல் பேசுகிறான், பாலர் பள்ளியில் ஒரு சொல் பேசுவதில்லையாம்.

புது இடம், புது மொழி என்றால் சில வாரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விட்டுப் பிடியுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் யாரிடமும் பேசவில்லை என்றால் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் அவன் எப்படிப் பேசுகிறான் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், அந்தப் போன் பதிவைக் காட்டுங்கள். 'ஆசிரியைக்கு வணக்கம் சொல்லு' என்று வாசலில் எல்லார் முன்னாலும் தள்ளாதீர்கள். வகுப்பு காலியாக இருக்கும்போது பத்து நிமிஷம் முன்னதாகக் கூட்டி வந்து, அவனோடு நீங்களே அங்கே விளையாடிப் பேசுங்கள். முதலில் உங்களிடம் பேசட்டும், பிறகு ஒரு தோழனிடம், அதற்கப்புறம் எங்களிடம்.